காந்தமானியும் தமிழ்த்துறையும்

இரும்பு ஆக்சைடின் மீநுண் துகளைக் குருதியிற் செலுத்தி, எம்.ஆர்.ஐ. படத்தில் கல்லீரலைத் தெளிவுறக் காட்டும் முறை 1990களிலேயே மருத்துவத்திற்கு வந்தது. புறக்காந்தம் நீங்கியதும் துகளின் காந்தமும் நீங்குதல் வேண்டும்; நீங்காவிடில் துகள்கள் ஒன்றையொன்று பற்றித் திரண்டு குருதிக் குழாயை அடைக்கக்கூடும். இதனைச் சோதிப்பது, சைமன் ஃபோனர் 1950களில் படைத்த அதிர்வு மாதிரிக் காந்தமானி. மாதிரியை அதிரச் செய்து, அருகிலுள்ள கம்பிச்சுருளில் எழும் மின்னழுத்தத்தால் காந்தத்தை அளப்பது அது. வரைகோடு சுழிப்புள்ளி வழியே சென்றால் அச்சமில்லை.

சென்னை ஐ.ஐ.டி.யில் இக்கருவி உண்டு. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பயிலச் செல்லும் நம் மாணவர் அக்கோட்டைப் பெறலாம். அதன் பொருளைத் தம் அன்னைக்குத் தமிழில் உரைக்க இயலுமா? காப்பியமும் இலக்கணமும் கற்பிப்பதோடு அமையாது, இயற்பியல் துறையினரோடு அமர்ந்து இத்தகு பாடங்களைத் தமிழ்த்துறை எழுதித்தர வேண்டும் என்பது என் துணிபு. காந்தமானி நல்ல சொல், வெப்பமானியின் உடன்பிறப்பன்றோ!