பழைய ‘பின்’னை மாட்டலாமா?

மாட்டு வண்டிக்குக் கடையாணி உண்டு. சின்ன இரும்புத் துண்டுதான். அது கழன்றால் என்ன ஆகும்? சக்கரம் ஒரு பக்கம் ஓடும். வண்டி ஒரு பக்கம் சாயும்.

மோட்டார் கார் எஞ்சினுக்குள்ளும் அப்படி ஒரு ஆணி இருக்கிறது. அதற்குப் பிஸ்டன் பின் என்று பெயர். ‘கட்ஜன் பின்’ என்றும் சொல்வார்கள்.

எஞ்சினைப் பிரித்து வேலை செய்யும்போது, கழற்றிய பழைய பின்னையே திரும்பவும் மாட்டலாமா? சின்னக் கேள்விதான். ஆனால் இதில் ஒரு குடும்பத்தின் சோறு இருக்கிறது.

அடுப்பு எரிய வேண்டும்

புதுச்சேரியில் இருந்து கடலூர் போகும் சாலையில் இருக்கிறது தவளக்குப்பம். அந்தச் சாலையில் பஸ்சும், லாரியும், வேனும், டாக்சியும் ஓயாமல் போகின்றன. கடன் வாங்கி வண்டி எடுத்து, அதை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர்களும் அதில் உண்டு.

எஞ்சின் வேலை என்றால் வண்டி நாள் கணக்கில் ஒர்க்ஷாப்பில் நிற்கும். கடன் தவணை நிற்குமா? நிற்காது.

அப்போது வண்டிக்காரருக்கு என்ன தோன்றும்? “அண்ணே, பழைய பின் பளபளன்னு இருக்கே! அதையே போட்டுடுங்க” என்று சொல்லத் தோன்றும்.

அவர் மேல் குற்றம் இல்லை. ஆனால் பளபளப்பு வேறு, அளவு வேறு.

ஆயிரம் கிலோ பாரம்

பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும். கனெக்டிங் ராடு அதை வாங்கி, கீழே இருக்கும் கிராங்க் ஷாப்டைச் சுழற்றும். பிஸ்டனையும் ராடையும் சேர்த்துப் பிடிப்பதுதான் பின். நிலையையும் கதவையும் கீல் சேர்த்துப் பிடிப்பதுபோல!

எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் ஒரு வினாடியில் 50 தடவை ஏறி இறங்கும். எஞ்சின் முழு பலத்தோடு இழுக்கும்போது, ஒரு பிஸ்டன் மேல் விழும் அழுத்தம் ஆயிரம் கிலோவையும் தாண்டும். அத்தனையும் கட்டை விரல் தடிமன் உள்ள இந்த உருக்குக் குழாயில்தான் இறங்குகிறது.

பின்னுக்கும் பிஸ்டன் துளைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை 100 பங்காக்கினால், சுமார் ஒரு பங்கு! தலைமயிரின் தடிமனில் அது ஏழில் ஒரு பங்குதான் இருக்கும். இதைக் கண் காணுமா? கை அறியுமா? மைக்ரோமீட்டர்தான் சொல்ல வேண்டும்.

தேய்ந்துபோன பின் சத்தம் போடும். வண்டி நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது ‘டக் டக்’ என்று இரட்டைத் தட்டுக் கேட்கும்.

எப்போது போடலாம்?

‘எல்லாவற்றையும் தூக்கி எறி, புதிது வாங்கு’ என்று நான் சொல்ல வரவில்லை. அது வீண் செலவு.

பழைய பிஸ்டனையே திரும்பப் போடுகிறீர்கள். பின்னை அளந்தாயிற்று. தேய்வு இல்லை, கீறல் இல்லை, நீலம் பாய்ந்த தடம் இல்லை. அப்படியானால் அதே பின்னை, அதே பிஸ்டனில், அதே ராடில் தாராளமாகப் போடலாம். கழற்றும்போதே நம்பர் போட்டு வைக்க வேண்டும். ஒன்றாம் பிஸ்டனின் பின் மூன்றாம் பிஸ்டனுக்குப் போகக் கூடாது.

எப்போது கூடாது?

புதுப் பிஸ்டனுக்குப் பழைய பின் வேண்டாம். பிஸ்டனும் பின்னும் ஜோடி. அளவு பார்த்துச் சேர்த்துத்தான் கம்பெனியில் இருந்து வருகின்றன. சென்னையில் 1949ல் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியதில் இருந்து, இவை நம் ஊரிலேயே செய்யும் சாமான்கள்தான்.

சில எஞ்சின்களில் பின்னை ராடுக்குள் இறுக்கமாக அழுத்தி வைத்திருப்பார்கள். அதைப் பிரஸ் வைத்துத் தள்ளித்தான் வெளியே எடுக்க வேண்டும். அப்படி எடுக்கும்போது கீறல் விழலாம், பிடிப்பும் தளரலாம். அந்தப் பின்னைத் திரும்பப் போடாமல் இருப்பதே நல்லது.

சில எஞ்சின்களில் பின்னின் இரு பக்கமும் சர்க்ளிப் என்ற கம்பி வளையம் இருக்கும். அதைக் கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். அதன் விலை சொற்பம். பழையது கழன்றுவிட்டால், பின் நகர்ந்து சிலிண்டர் சுவரை உழுதுவிடும். பள்ளம் ஆழமாக விழுந்தால் போர் எடுத்தாலும் தீராது!

அம்பாசடர் பாடம்

அம்பாசடர் காரை மறக்க முடியுமா? மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் செய்தார்கள். 2014ல் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் அதைப் பிள்ளைபோல வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அதன் பழைய 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் சர்க்ளிப் கிடையாது. ராடின் தலையில் உள்ள ஒரு போல்ட்டே பின்னை இறுக்கிப் பிடிக்கும். அந்தப் போல்ட்டை முறுக்கும்போது ராடை வைசில் கவ்வக் கூடாது. ராடு முறுகிவிடும். பின்னின் இரு முனையிலும் அடை கொடுத்து, பின்னைத்தான் பிடிக்க வேண்டும். போல்ட்டின் ஸ்பிரிங் வாஷரையும் பார்த்து மாற்ற வேண்டும்.

அந்த எஞ்சினுக்குப் பின் பொருந்தும் பக்குவம் எது? சூடு இல்லாத பிஸ்டனில், கட்டை விரலால் தள்ளினால் முக்கால் பங்கு உள்ளே போக வேண்டும். மிச்சத்தைத் தோல் சுத்தியால் மெதுவாகத் தட்ட வேண்டும். தானாக விழுந்தால் லூஸ். சம்மட்டி கேட்டால் டைட். இரண்டும் ஆகாது.

கேளுங்கள், கொடுங்கள்

மெக்கானிக்குகள் பாவம்! “சாயந்தரம் வண்டி வேண்டும்” என்று நாம் நெருக்குகிறோம். கூலியிலும் பேரம் பேசுகிறோம். அவர் எப்போது அளப்பார்?

அளந்து பார்ப்பதும் வேலைதான். அதற்குக் கூலி கேட்டால் கொடுங்கள். ஒரு நாள் கூட ஆகும் என்றால் பொறுங்கள். அதே எஞ்சினை இரண்டாம் முறை பிரித்தால், கூலியும் சாமானும் மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பம். அந்தச் செலவில் எத்தனையோ பின் வாங்கலாம்.

எஞ்சின் வேலைக்கு வண்டியை விடுகிறவர்கள் இரண்டே வார்த்தை கேளுங்கள்: “பின்னைக் காட்டுங்கள். அளவைச் சொல்லுங்கள்.”

நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். சந்தோஷமாகக் காட்டுவார்.