ஏட்டில் உள்ள நிலமும் அடுப்பில் உள்ள உலையும்

சென்ற மாதம் கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிட்டுக் கொண்டிருந்தபோது, மூதாட்டியார் ஒருவர் இரண்டு காகிதங்களுடன் வந்தார். ஒன்று, சங்கத்தில் அவர் கேட்ட பயிர்க்கடன் மறுக்கப்பட்டதைத் தெரிவிப்பது. காலஞ்சென்ற அவருடைய மாமனார் பெயரில் உள்ள நான்கு ஏக்கர் புன்செய்க்கு ஐந்து பங்காளிகள். ஏனைய நால்வரும் கையொப்பமிடாததால் கடன் இல்லை. மற்றொன்று, முதியோர் ஓய்வூதியத்திற்கு அவர் செய்துகொண்ட விண்ணப்பம் தள்ளப்பட்டதைத் தெரிவிப்பது. காரணம், குடும்பத்திற்கு நான்கு ஏக்கர் நிலம் உண்டு என்பதாம்!

ஒரே பட்டா. கடன் கேட்கும் இடத்தில் அவரை நிலமற்றவர் என்கிறது. உதவி கேட்கும் இடத்தில் நிலமுடையவர் என்கிறது. “ஐயா, காகிதத்திலே இருக்கிற நிலம் கஞ்சி காய்ச்சுமா?” என்று அவர் கேட்டார். முதல் மறுப்பு எங்கள் துறையின் விதிப்படி நேர்ந்தது. அதைச் சரியென்று ஏட்டில் குறித்தவனும் நானே. ஆதலின் இக்கேள்விக்கு விடை தேடும் பொறுப்பு எனக்கும் உண்டு.

உதவி பெறுவோருக்கு வரம்பு வேண்டியதே. பொதுப்பணம் வரையறையுள்ளது, செல்வர் பெற்றால் ஏழை இழப்பார். நம் மாநிலத்தில் முதியோர் ஓய்வூதியம் 1962ஆம் ஆண்டில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பெற்றது. ஆதரவற்றோருக்கென்றே ஏற்பட்ட திட்டமாகையால், அசையாச் சொத்தின் மதிப்புக்கு அதில் ஓர் உச்ச வரம்பு வைக்கப்பெற்றது. முன்னர் 50,000 ரூபாயாக இருந்த அவ்வரம்பு, பின்னர் ஓர் இலட்சம் ஆயிற்று. வரம்பு இருப்பதில் எனக்குக் குறையில்லை. எதை அளக்கிறோம் என்பதே வினா.

மதிப்பு என்பது விற்றால் வரும் பணம். விளைந்தால் வரும் பணமன்று. ஊர் வளர வளர, சாலை அகல அகல நிலத்தின் விலை ஏறுகிறது. மானாவாரிச் சோளமும் பருத்தியும் அதற்கேற்ப ஏறி விளைவதில்லை. மழை பொய்த்த ஆண்டில் அந்நிலம் கூலிக்கும் காணாது. எனினும் ஏட்டில் அதன் சொந்தக்காரர் ஆண்டுதோறும் பணக்காரராகிக்கொண்டே போகிறார்.

நெசவாளர் நிலையும் இதுவே. இலையூர், வாரியங்காவல் பக்கங்களில் தறிக்குழி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வீடுதான் அவர்கள் தொழிற்சாலை. வீட்டை விற்றுச் சாப்பிடு என்பது தறியை விற்றுச் சாப்பிடு என்பதற்கு ஒப்பாகும்.

இதற்கு மாறாக, 2023 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பெற்ற கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் நன்செய்க்கு 5 ஏக்கர், புன்செய்க்கு 10 ஏக்கர் என்று இருவேறு வரம்புகள் வகுக்கப்பெற்றன. ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் என்ற வரம்பும் உடன் வைக்கப்பெற்றது. நன்செயும் புன்செயும் ஒன்றாகா என்பதை இவ்விதி ஒப்புக்கொள்கிறது. விலையைப் பாராமல் விளைவைப் பார்ப்பதால் இதுவே நேரிய வழியென்று கருதுகிறேன்.

2019 பிப்ரவரியில் தொடங்கப்பெற்ற மத்திய அரசின் கிசான் திட்டமோ வேறு வகையது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளில், தம் பெயரில் நிலமுள்ள உழவர்க்கே என வகுக்கப்பெற்றது. தொடக்கத்தில் இரண்டு ஹெக்டேர் வரை உள்ளவர்க்கு என்றிருந்த வரம்பும் அவ்வாண்டிலேயே நீக்கப்பெற்றது. பத்துக் காணி உடையவர் பெறலாம். அவர் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர் பெறலாகாது. ஆக, நிலம் இருப்பதனால் ஓர் உதவி கிட்டாது. இல்லாமையினால் மற்றொன்று கிட்டாது. கூட்டுப் பட்டாவில் சிக்கியவரோ இரண்டுக்கும் நடுவே நிற்கிறார்.

ஆஸ்திரேலியாவில் முதியோர் ஓய்வூதியத்திற்கு வருமானம், சொத்து ஆகிய இரண்டும் சோதிக்கப்படுகின்றன. ஆனால் ஒருவர் தாம் குடியிருக்கும் வீட்டைச் சொத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. குடியிருப்பது வேறு, குவித்து வைப்பது வேறு என்பது அங்குள்ள கொள்கை. நமக்கும் அது பொருந்தாமற்போகாது.

“சொத்தைப் பாராமல் கொடுத்தால், நிலத்தை மகன் பெயருக்கு எழுதிவைத்துவிட்டு எல்லாரும் வந்து நிற்பரே” என்பார் உளர். மெய்தான். ஆனால் அவ்வாறு எழுதி வைக்கத் தெரிந்தவர் இன்றுள்ள விதியிலும் தப்பிவிடுகிறார். எழுதத் தெரியாத விதவையும், பங்கு பிரியாத இளையவரும்தாம் அகப்படுகின்றனர். ஏய்ப்பவரைப் பிடிக்க விரித்த வலையில் எளியவரே விழுவாராயின், வலையின் கண்ணை மாற்ற வேண்டாவோ?

ஆகவே, மூன்று செய்திகள் கருதத்தக்கவை. கூட்டுப் பட்டாவில் விண்ணப்பதாரரின் பங்கை மட்டுமே அவர் சொத்தாகக் கொள்ள வேண்டும். நிலத்தை விலையால் அளவாது, நன்செய் புன்செய் எனப் பிரித்து விளைவால் அளக்க வேண்டும். குடியிருக்கும் வீட்டையும் அதிலுள்ள தறியையும் கணக்கினின்று நீக்க வேண்டும்.

இவை அரசாங்கம் செய்யத்தக்கவை. நாம் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. இறந்தவர் பெயரில் பட்டா கிடக்க விடுவது நம் ஊர்களின் பழைய நோய். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் பெற்று, பாகப்பிரிவினையைப் பதிவு செய்து, உட்பிரிவுக்கு விண்ணப்பித்தால் அவரவர் பங்கு அவரவர் பெயரில் நிற்கும். பங்காளிகளை ஒரே நாளில் ஓரிடத்தில் கூட்டுவதுதான் கடினம். அதைத் தனியொருவர் செய்வதினும் சங்கம் செய்வது எளிது. ஒவ்வொரு சங்கமும் ஆண்டுக்கொரு நாள் இதற்கென ஒதுக்கி, அங்கத்தினரின் பட்டாக்களைப் பார்த்து, மனு எழுதித் தரலாகாதா?

அம்மூதாட்டியாரின் பங்காளிகளை அடுத்த மாதம் சங்கக் கட்டடத்திற்கு அழைத்திருக்கிறோம். நால்வரில் இருவர் வருவதாக ஒப்புக்கொண்டுள்ளனர். மற்ற இருவரில் ஒருவர் திருப்பூரில் இருக்கிறார். அவருக்குக் கடிதம் எழுதியாயிற்று. மற்றவரை நேரில் கண்டு பேசச் செயலாளர் இசைந்திருக்கிறார். எண்பது சென்டு நிலம் அம்மையார் பெயரில் ஏறிய பின்னர், கடனோ உதவியோ, ஏதேனும் ஒரு வாயில் அவருக்குத் திறக்கும் என்று நம்புகிறேன்.