செத்த பிறகும் வேலையா?

பேய்ப் படம் பார்க்காதவர் நம்மில் குறைவு. பேய்க்குக் கோபம் உண்டு, ஆசை உண்டு; தன்னைக் கொன்றவனைத் தேடி வந்து பழி வாங்கும். ஜாம்பி அப்படியல்ல. அது வெறும் நடைப்பிணம். பேச்சில்லை, நினைவில்லை. பின் அதைக் கண்டு ஏன் இத்தனை நடுக்கம்? கடித்துவிடும் என்பதாலா? அது மட்டுமல்ல என்கிறோம் நாம்.

ஜாம்பி கதை பிறந்த இடம் கரீபியன் கடலில் உள்ள ஹெய்டி. ஒரு காலத்தில் அது பிரெஞ்சுக்காரன் காலனி. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளுமாகச் சுமார் 5 லட்சம் அடிமைகள் அங்கே கரும்புக்கும் காப்பிக்கும் சவுக்கடிபட்டு உழைத்தார்கள். செத்தால் உயிர் தாய்நாடு திரும்பிவிடும் என்பது ஒன்றே பலருக்கும் ஆறுதல். அந்தச் சாவும் கைவிட்டால்? மந்திரவாதி பிணத்தை எழுப்பி மறுபடி வயலில் இறக்கிவிட்டால்? இந்தப் பயத்திற்குத்தான் ஜாம்பி என்று பெயர்.

1791-ல் அந்த அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804-ல் சுதந்திர நாடு கண்டார்கள். ஆனால் 1915-ல் அமெரிக்கப் பட்டாளம் வந்து இறங்கியது; 1934 வரை நகரவில்லை. சாலை போடுவதற்குக் கிராமத்து ஜனங்களைப் பிடித்துக் கட்டாய வேலை வாங்கியது.

பட்டாளம் அங்கே இருந்தபோதே, 1932-ல், அமெரிக்காவில் 'ஒயிட் ஜாம்பி' என்ற படம் வந்தது. கதை நடப்பது ஹெய்டியில். பேலா லுகோசி நடித்த மந்திரவாதி முதலாளி, பிணங்களை வைத்தே சர்க்கரை ஆலை ஓட்டுகிறான். கூடை சுமந்து வரும் ஒருவன் தவறி ஆலைக்குள் விழுகிறான். அலறல் இல்லை. மற்றவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை. ஆலை சுற்றிக்கொண்டே இருக்கிறது.

மில் தொழிலாளிக்கு இதைவிடப் பயங்கரம் எது? பெல்ட்டில் ஒருவன் கை சிக்கினால் மிஷின் நிற்க வேண்டும், நாலு பேர் ஓடி வர வேண்டும். யாரும் ஓடி வராத இடம் மில் அல்ல, சுடுகாடு.

1968-ல் ஜார்ஜ் ரொமெரோ எடுத்த படத்திற்குப் பிறகு கதை மாறியது. எஜமானன் மறைந்தான், பிணங்கள் மனிதரைத் தின்னத் தொடங்கின. ஆயினும் பயத்தின் வேர் மாறவில்லை: முகம் நம் முகம், உள்ளே மனிதன் இல்லை.

ஹெய்டி ஜனங்கள் இன்னொன்றும் சொல்வார்கள். ஜாம்பிக்கு உப்பிட்ட உணவு கொடுக்கலாகாதாம். நாக்கில் உப்புப் பட்டால் தான் யாரென்ற நினைவு வந்துவிடும். பிறகு எஜமானனுக்கு அடங்காது.

'உப்புப் போட்டுத்தானே சோறு தின்கிறாய்?' என்று நாமும் கேட்கிறோம். அவர்கள் சொல்வதும் இதே ரோஷத்தைத்தான்.