அஜீரணமும் ஹோமியோபதி உருண்டைகளும்



தீபாவளிக்கு மறுநாள் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். "வயிறு மந்தமா இருக்கு, புளிச்ச ஏப்பமா வருது!" உடனே அலமாரியிலிருந்து ஹோமியோபதி புட்டிகள் இறங்கும். குறிக்குத் தக்கபடி அந்த முறையில் தருவது இப்படி:

நக்ஸ் வாமிகா: எட்டிக்கொட்டையிலிருந்து தயாரிப்பது. காரமும் காபியும் மிஞ்சி, இரவு கண்விழித்து, காலையில் சிடுசிடுப்போடு எழுபவர்களுக்கு.

பல்சடில்லா: நெய், எண்ணெய்ப் பட்சணம் ஒத்துக்கொள்ளாமல், தாகமே எடுக்காதவர்களுக்கு.

கார்போ வெஜ்: மரக்கரியிலிருந்து தயாரிப்பது. மேல்வயிறு உப்பி, ஏப்பம் விட்டால் சுகமாக இருப்பவர்களுக்கு.

லைகோபோடியம்: நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்து, மாலை 4 முதல் 8 மணிக்குள் உப்புசம் கூடுபவர்களுக்கு.

உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். புட்டியில் '30' என்றிருந்தால், நூற்றில் ஒரு பங்காக 30 தடவை நீர்த்தது என்று பொருள். மூலப்பொருள் அதில் மிஞ்சியிருக்காது. எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருவதற்கு நம்பகமான சான்று இல்லை என்று ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2015இல் அறிவித்தது. சாதாரண மந்தம் ரசம் சாதத்திலும் மோரிலும் ஓரிரு நாளில் தானே சரியாகும். பெயர் என்னவோ உருண்டைக்குப் போய்விடுகிறது!

"உருண்டையால என்ன கெடுதல்?" என்பீர்கள். காத்திருப்பதுதான் கெடுதல். என் பேரனுக்கு ஒன்றரை வயதில் பேதி. "மருந்து கொடுத்தாச்சே, நின்னுடும்" என்று சாயங்காலம் வரை பேசாமல் இருந்துவிட்டேன். கண் குழிவிழுந்தது, அழுதால் கண்ணீர் இல்லை, சிறுநீரும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றிய பிறகுதான் கண் திறந்து பார்த்தான். இன்றும் நினைத்தால் பகீரென்கிறது.

ஆகவே பேதி ஆரம்பித்த உடனேயே ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும், அதில் போட்டிருக்கும் அளவு ஆறிய வெந்நீரில் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. துத்தநாக மருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள். குழந்தை சோர்ந்து துவண்டாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே ஆஸ்பத்திரிதான்.

பெரியவர்களுக்கு நெஞ்சை அழுத்தி, வியர்த்துக் கொட்டி, கையிலோ தாடையிலோ வலி பரவினால், "வெறும் வாயுதான்" என்று உருண்டையைத் தேடாதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். 108க்குப் போன் செய்யுங்கள். கறுப்பாக மலம் போவது, விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் மெலிவது இவையும் டாக்டர் பார்க்க வேண்டியவை.

புட்டி அலமாரியிலேயே இருக்கட்டும், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், சரிதானே?