கூலி வெட்டில்லாத பரிசோதனை வேண்டும்

பத்துமலையின் 272 படிகளையும் தைப்பூசந்தோறும் நம்மவர் வெறுங்காலோடு ஏறுகிறார்கள். அப்படிக் காவடி தூக்கி ஏறிய கால்களில் ஒன்றைப் பின்னாளில் ஆஸ்பத்திரியில் பறிகொடுத்த தொழிலாளி ஒருவரை நாம் அறிவோம். காலில் சிறு புண், வலி தெரியவில்லை, வேலைக்கும் தவறாமல் வந்தார். புண் அழுகிய பிறகே தமக்கு இனிப்பு நீர் இருப்பதை அவர் அறிந்தார். இன்று அவர் மனைவி ஒருவரே மரம் சீவிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்.

இதைத் தலைவிதி என்று விட்டுவிடலாகாது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 18 வயது நிரம்பியோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4, ஏறத்தாழ மூவருக்கு ஒருவர்! 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் கணக்கு 15.6ஆக இறங்கிற்று. ஆயினும் நோயுள்ள ஐவரில் இருவர் அதை அறியாமலே இருந்தனர். இந்நாட்டில் புதிதாக டயாலிசிஸ் செய்துகொள்ள வருவோரில் பாதிக்கு மேற்பட்டோரை அந்நிலைக்குத் தள்ளியதும் இந்நோயே.

நம்மவர் நாக்குத்தான் காரணம் என்பார் சிலர். இரத்தவழி என்பார் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு; ஆனால் முழு உண்மை அன்று. விடியுமுன் பெரட்டுக்குப் போய், நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, காண்டாவில் பால் சுமந்த காலத்தில், உண்ட சோறும் தேத்தண்ணிச் சீனியும் உழைப்பில் எரிந்தன. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் அவை வீட்டு மனைகளாயின. லயத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போனவர்கள் காவலாளிகளாகவும் ஆலைத் தொழிலாளராகவும் ஆனார்கள். சோறும் சீனியும் உடன் போயின. நடையும் சுமையும் போகவில்லை. தமிழ்நாட்டிலும் கிராமத்தைவிடப் பட்டணத்திலேயே இந்நோய் மிகுதி என்பதை நினைவிற்கொள்க.

சர்க்கார் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதானே, போனால் என்ன என்று கேட்கலாம். மரம் பால் கொடுப்பது காலையில். வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பதும் காலையில். கிளினிக்குக்குப் போனால் அன்றைய வெட்டு போயிற்று. ஒரு வெள்ளி வைத்தியத்துக்கு ஒரு நாள் கூலி செலவு!

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், வேலை செய்த காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14 முதல் 22 நாள் வரை சம்பளத்துடன் நோய் விடுப்பு அளிக்கிறது. அதற்கு டாக்டரின் எம்.சி. வேண்டும். பரிசோதனைக்கோ மாத்திரைக்கோ போய்த் திரும்புகிறவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது டைம் ஸ்லிப்தான். அதை நிர்வாகம் ஏற்றால் உண்டு, ஏற்காவிட்டால் இல்லை. ஆக, படுக்கையில் விழுந்தவனுக்குக் கூலி உண்டு. விழாமல் காத்துக்கொள்ள நினைப்பவனுக்கு இல்லை. இது என்ன நியாயம்?

ஆகவே, அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் இரண்டு ஷரத்துகளை நாம் கோருகிறோம். 30 வயதைக் கடந்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டுக்கு ஒருமுறை, பெரட்டுக் களத்திலேயே, கூலி வெட்டின்றி இரத்தப் பரிசோதனை நடத்த வேண்டும். நோய் கண்டவர்களின் கிளினிக் நாட்களை, டைம் ஸ்லிப்பை ஏற்றுச் சம்பள நாட்களாகக் கணக்கிட வேண்டும். காலிழந்த தொழிலாளியால் நிர்வாகத்துக்கும் இலாபமில்லை.

சங்கம் தன் கடமையைச் செய்யும். தோழர்களும் தங்கள் கடமையைச் செய்ய வேண்டும். ஒப்பந்தம் வரும்வரை காத்திராதீர்கள்; ஓய்வு நாள் பார்த்தாவது இரத்தம் கொடுத்துப் பாருங்கள். வெறும் வயிற்றுக் கணக்கு 7.0ஐ எட்டினால் டாக்டரை விடாதீர்கள். நாற்காலியை விட்டு எழாத நம் போன்ற கிராணிமார்கள் முதல் ஆளாக வரிசையில் நிற்க வேண்டும். நோயை மறைப்பது மானமன்று. அடுத்த தைப்பூசத்திலும் நம் கால்களாலேயே நாம் படியேற வேண்டும்.