சுத்தமான ஸ்கேனை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள்

'காசநோய் மூளையுறை அழற்சி என்று சந்தேகிக்கும் குழந்தைக்கு ஸ்கேன் சுத்தமாக வந்தால் மருந்து வேண்டாம், ஈரலுக்கு வீண் சுமை' என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நோய்தான் அந்த நியாயத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

ஆரம்பக் கட்டத்தில் சி.டி. படம் இயல்பாகவே இருக்கக்கூடும். மூளை அறைகளில் நீர் கோப்பது, அடிப்பகுதி உறை மருந்தேற்றிய படத்தில் பளிச்சிடுவது, உள்ளே ரத்தக்குழாய் அடைபட்டுத் திசு மடிவது எல்லாம் நோய் முற்ற முற்றத் துலங்குபவை. அவை தெரியட்டும் என்று காத்திருப்பது பக்கவாதம் வரட்டும் என்று காத்திருப்பதுதான். தண்டுநீரிலும் கிருமி பெரும்பாலும் சிக்காது. நாள்கணக்கில் விடாத காய்ச்சல், வாந்தி, எடைக்குறைவு, வீட்டில் ஒரு காசநோயாளி: மருத்துவர் இவற்றை வைத்தே துணிய வேண்டியிருக்கிறது.

இந்நோயைக் கணிக்க ஆய்வாளர்கள் 2010இல் வகுத்த மதிப்பெண் முறையிலும் ஸ்கேனுக்கு அதிகபட்சம் 6தான். படமே எடுக்காவிட்டாலும் மற்றவற்றில் 10 வந்தால் 'பெரும்பாலும் இந்நோயே' என்று அது ஒப்புக்கொள்கிறது. கட்டுரையாளர் இதைப் படித்தாரா, தெரியவில்லை.

ஸ்கேன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீர்கோப்பைக் கண்டு வடிகுழாய் வைப்பதா என்று முடிவெடுக்க அது கட்டாயம் தேவை. ஆனால் அதன் முடிவுக்காக மருந்தைத் தள்ளிப்போட முடியாது: சிகிச்சை பெற்ற குழந்தைகளிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இறக்கிறது. பிழைப்பவர்களில் பாதிப் பேருக்கு நரம்புக் குறை தங்கிவிடுகிறது. சந்தேகம் வலுத்தால் மருந்தை அன்றே தொடங்குங்கள்.