இந்தக் கோடையில் எங்கே?



ஏப்ரல் பிறந்தவுடன் மும்பையில் வாழும் நம் வீடுகளில் ஒரு விவாதம் எழும்புகிறது. பிள்ளைகள் மகாபலேஷ்வர் என்பார்கள். தகப்பனோ திருநெல்வேலி என்பார். முந்தையது சுமார் 260 கிலோமீட்டர். பிந்தையது ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். எதைத் தெரிந்துகொள்வது?

நான் அறிந்த சகோதரர் ஒருவர், “அடுத்த ஆண்டு ஊருக்குப் போகலாம்” என்று மூன்று கோடைகளைக் கடத்தினார். நான்காம் ஆண்டில் தாயாரின் அடக்க ஆராதனைக்கே தனியாக விமானத்தில் சென்றார். அவருடைய பிள்ளைகள் பாட்டியைத் தொலைபேசிக் குரலாக மட்டுமே அறிந்திருந்தார்கள்.

ஊருக்குப் போவதால் பிள்ளைகளின் மகிழ்ச்சி குறையவேண்டியதில்லை. நான்கு நாட்களாகப் பயணத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் இரவு ஹூப்ளியில் தங்குங்கள். மறுநாள் வழியிலுள்ள சித்ரதுர்கா கோட்டையைக் காட்டி, பெங்களூரைக் கடந்து ஓசூரில் இளைப்பாறுங்கள். மூன்றாம் நாள், சேலத்திற்கு மேலேயுள்ள ஏற்காட்டில் குளிர்ந்த காற்றை அனுபவியுங்கள். நான்காம் நாள் மதுரை வழியாக ஊர் சேரலாம். குற்றாலத்தை மாத்திரம் மே மாதத்தில் நம்பிச் செல்லாதிருங்கள். அருவிகளின் காலம் வழக்கமாக ஜூனில்தான் தொடங்கும். இரவில் வாகனம் ஓட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

மகாபலேஷ்வர் அடுத்த ஆண்டும் அங்கேதான் இருக்கும். வயது முதிர்ந்த பெற்றோரைக் குறித்து அப்படிச் சொல்ல நம்மால் கூடுமா? இன்றே ஊருக்குப் பேசி, வரும் நாளைச் சொல்லிவிடுங்கள்.